வடக்கே தள்ளிய குப்பை

மெரினாக் கடற்கரையில் மாலை வேளைகளில் உட்கார்ந்து பேசுவதற்கு எனக்கு ஒரு நண்பர் வாய்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற இன்ஜினீயர். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். ஆகையால் அரசாங்கம் செய்யும் காரியம் எதிலும் குற்றம் இருக்க முடியாது என்று திடமாக நம்புகிறவர். மற்றபடி தங்கமான மனிதர். சுண்டல் வாங்கினால் என்னைக் காசு கொடுக்க விடமாட்டார்.

சென்ற வாரம் அவர் வரும்போதே ஒரு பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். அதில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

"பார்த்தீர்களா ஸார்? நம் துறைமுகங்கள் எல்லாம் பசுமைத் துறைமுகங்கள் ஆகப் போகின்றன. மரம் வைக்கிறார்கள். சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். நிலக்கரித் தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்கிறார்கள். நீங்களெல்லாம் இதைப் பற்றி எழுத மாட்டீர்கள். குறை என்றால் மட்டும் பேனா ஓடும்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம். எண்ணூரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லியாயிற்றா?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். சுண்டல் பொட்டலம் மணலில் சரிந்தது. "உங்களுக்குத் துறைமுகமே வேண்டாமா? வீட்டில் விளக்கு எரிய வேண்டாமா? ஃபேன் சுற்ற வேண்டாமா?" என்று படபடத்தார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. மனிதர் ஓடிவிட்டார். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர், எப்படியும் படித்துவிடுவார்.

முதலில் ஒரு சின்னச் சமாசாரம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு மாமி இருந்தாள். சுத்தத்துக்குப் பெயர் போனவள். விடிவதற்கு முன் எழுந்து வாசலைப் பெருக்கிச் சாணம் தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். இழைக் கோலம், செம்மண் பட்டை, நடுவில் பூசணிப் பூ. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பெருக்கிய குப்பை எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அது தினந்தோறும் வடபக்கத்து வீட்டு வாசலுக்குப் போயிற்று. அந்த வீட்டில் அப்பளம் இட்டுப் பிழைக்கும் ஒரு விதவைப் பாட்டி இருந்தாள். அவள் சண்டைக்குப் போக மாட்டாள். போனாலும் அவள் பக்கம் பேச ஆள் கிடையாது. சுத்தமான வீடு என்ற பெயர் மாமிக்கும், அழுக்கு வீடு என்ற பெயர் பாட்டிக்கும் நிலைத்துவிட்டன.

நம்முடைய சென்னைத் துறைமுகம் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷமாகச் செய்துவரும் காரியம் இந்த மாமியின் காரியந்தான் என்பது என் கட்சி.

நானும் நண்பரும் உட்கார்ந்து சுண்டல் தின்னும் மணலிலிருந்தே ஆரம்பிக்கலாம். இந்த மெரினா மணல் ஆதியில் இவ்வளவு அகலமாக இங்கே இருந்ததல்ல. சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகுகளில் அலையில் தத்தளித்துத்தான் ஜனங்களும் சரக்கும் கரை சேர வேண்டும். 1861-இல் ஓர் இரும்புப் பாலத்தைக் கடலுக்குள் நீட்டிப் பார்த்தார்கள். போதவில்லை. 1875-இல் அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் இரண்டு பெரிய கற்சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881-இல் வந்த புயல் அதை அடித்து நொறுக்கியது, மறுபடியும் கட்டினார்கள். மனித முயற்சிக்கு அது ஒரு பெரிய சாட்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கடலுக்கு ஒரு வழக்கம் உண்டு. நம் கிழக்குக் கரையோரமாக அது வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே சுமந்துகொண்டு போகிறது. வடகிழக்குப் பருவக் காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் திசை மாறும். குறுக்கே சுவர் எழும்பியதும் வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. தங்கித் தங்கி அகலமான மெரினாவாயிற்று. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அதையொட்டி உலாவும் சாலை அமைத்து, அழகான பெயரும் வைத்தார். அன்று முதல் நாம் அங்கே காற்று வாங்குகிறோம். அரசியல் கூட்டம் போடுகிறோம். தலைவர்களை அடக்கம் செய்கிறோம். நாவலில் காதலர்களைச் சந்திக்க வைக்கிறோம். (நானே மூன்று நாவல்களில் வைத்திருக்கிறேன்.)

சுவருக்கு வடக்கே என்ன ஆயிற்று? வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் இருக்கிற மணலைக் கடல் எடுத்துக்கொண்டு போவது மட்டும் நிற்கவில்லை. வரவு கிடையாது, செலவு மட்டும் உண்டு என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்? ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையில் கரை தின்னப்பட்டுக்கொண்டே வந்தது. வலை காயப்போட்ட இடம் போயிற்று, கட்டுமரத்தை இழுத்துவிட்ட இடம் போயிற்று, குடிசைகள் போயின. இன்று அந்தச் சாலையில் போனால் கடலுக்கும் ஊருக்கும் நடுவே கருங்கற்களைக் கொட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். தெற்கே மணல், வடக்கே கல். தெற்கே சுண்டல் விற்கிறது. வடக்கே படகை எங்கே இழுத்து நிறுத்துவது என்று தெரியாமல் மனிதன் விழிக்கிறான். இது மாமி பெருக்கிய முதற் குப்பை. வேண்டுமென்று செய்ததல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, நிலக்கரி.

சென்னைத் துறைமுகம் பல காலம் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் குவித்து வைத்து ஏற்றி இறக்கியது. வடசென்னையில் வீட்டுச் சுவர், துவைத்துப் போட்ட துணி, குழந்தையின் மூக்கு எல்லாம் கறுத்தன. ஜனங்கள் வருஷக்கணக்காக முறையிட்டார்கள். கடைசியில் 2011-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அந்த வருஷம் அக்டோபரிலிருந்து நிலக்கரி போன்ற தூசிச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ராயபுரத்தில் மூச்சு விட முடிந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் நிலக்கரி எங்கே போயிற்று? அது ஆவியாகப் போய்விடவில்லை. சுமார் இருபது கிலோமீட்டர் வடக்கே, எண்ணூருக்குப் போயிற்று. அங்கே 2001-இல் திறந்த துறைமுகத்தின் முதல் வேலையே அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதுதான். 2014-இல் அதற்குக் காமராஜரின் பெயரைச் சூட்டினார்கள். 2020-இல் மத்திய அரசு தன் கையிலிருந்த பங்குகளைச் சென்னைத் துறைமுகத்துக்கே விற்றுவிட்டது. ஆகவே இப்போது எண்ணூர்த் துறைமுகம் சென்னைத் துறைமுகத்தின் சொந்தக் கம்பெனி. தகப்பன் வீட்டுக் குப்பை பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறது; தகப்பன் வீடு சுத்தமான வீடு என்று பெயர் எடுக்கிறது.

சட்டப்படி இதில் தப்பு எதுவும் இல்லை என்பார்கள். எண்ணூரில் மூடிய கன்வேயர் உண்டு, தண்ணீர் தெளிப்பு உண்டு, மரங்கள் உண்டு. உண்டுதான். பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல் என்பதும் வாஸ்தவந்தான். ஆனால் "தூசி குறைந்தது" என்பது ஒரு வாக்கியம். "தூசி ராயபுரத்தில் குறைந்தது" என்பது வேறு வாக்கியம். கதை எழுதுகிறவனுக்கு வாக்கியங்களின் வித்தியாசமாவது தெரியாவிட்டால் அவன் எதற்கு?

எண்ணூர் என்றதும் நம்மில் பலருக்குப் புகைபோக்கிகள்தாம் ஞாபகம் வரும். அங்கே ஓர் ஆறு கடலில் கலக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கொசஸ்தலையாறு. முகத்துவாரத்தில் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து நிற்கும் கழிமுகம் அது. இறாலும் நண்டும் மடவையும் குஞ்சு பொரித்து வளர அதைவிட வாகான தொட்டில் கிடையாது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று வரிசையாகக் குப்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. அங்கே கையால் இறால் பிடிப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆழமில்லாத தண்ணீரில் தவழ்ந்துகொண்டு, சேற்றை விரல்களால் துழாவி, அகப்பட்ட இறாலைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் பனையோலைப் பறியில் போடுவார்கள். பெண்களும் ஆண்களுமாக மணிக்கணக்கில் தண்ணீரில் கிடப்பார்கள். அந்த விரல்களுக்கு ஆற்றின் அடித்தளம் முழுவதும் மனப்பாடம். எங்கே மணல், எங்கே சேறு, எங்கே சாம்பல் என்று கேட்டால் சொல்வார்கள்.

சாம்பல் என்று தவறுதலாகச் சொல்லிவிடவில்லை. துறைமுகம் இறக்கும் நிலக்கரியை எரித்த பிறகு மிச்சமாவதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக அனுப்பினார்கள். குழாய் ஓட்டையாகிச் சாம்பற் குழம்பு பல வருஷம் ஆற்றில் வழிந்தது. ஆறு மேடாயிற்று. துறைமுகத்தைக் கேட்டால், "சாம்பல் எங்களுடையதல்ல, மின்சார வாரியத்தினுடையது" என்று பதில் வரும். கணக்குப்படி அது சரி. கரியாக இறங்கும்போது ஒரு கணக்கு, சாம்பலாக வெளியேறும்போது வேறு கணக்கு! இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆற்றுக்குக் கணக்குப் புஸ்தகமே கிடையாது.

இப்போது எண்ணெய்க் கதைக்கு வருகிறேன். என் இன்ஜினீயர் நண்பர் இந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

2017-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ஆம் தேதி. விடியற்காலை. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டிருந்த கூட்டம் கலைந்து ஒரு வாரங்கூட ஆகவில்லை. எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் முட்டிக்கொண்டன. ஒன்று பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பல்; துறைமுகத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. மற்றது எண்ணெய் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். (கோயில் நகரத்தின் பெயரைத் தாங்கிய கப்பலுக்கா இந்தக் கதி!) விபத்து யாருக்கும் நேரும். அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை.

அன்றைக்குத் துறைமுகத்தார் வெளியிட்ட செய்தியைப் பற்றித்தான் பேச்சு. எண்ணெய் மாசு போன்ற சேதம் எதுவும் சுற்றுப்புறத்துக்கு நேரவில்லை என்று அறிவித்தார்கள். செய்தி பத்திரிகைக்குப் போயிற்று. எண்ணெய் எர்ணாவூருக்கு வந்தது. எண்ணெய்க்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் கிடையாது. கன்னங்கரேலென்று, களி மாதிரி, கற்களின் இடுக்கெல்லாம் அப்பிக்கொண்டு தெற்கே நகர ஆரம்பித்தது. முதலில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு கொஞ்சம் என்றார்கள். கடைசியில் சுமார் 196 டன் என்று கணக்கு வந்தது.

இந்த 196 என்ற எண்ணை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்க் கசிவைச் சமாளிக்க நம் நாட்டில் 1996-லிருந்து ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. கடலோரக் காவல் படையின் பொறுப்பில் இருப்பது. அதில் படி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். 700 டன் வரையில் முதற்படி. தன் எல்லைக்குள் இவ்வளவு வரை சமாளிக்கும் ஆயத்தம் துறைமுகத்தின் கையிலேயே இருக்க வேண்டும். அதாவது, நடந்தது அவர்களுடைய சொந்த ஏட்டின்படியே சின்னக் கசிவு! சின்னப் பரீட்சை! அந்தச் சின்னப் பரீட்சைக்கு என்ன கொண்டு வந்தார்கள்?

வாளி.

ஆம், வீட்டில் தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் வாளி. மாணவர்களும் மீனவர்களும் தொண்டர்களும் வரிசையாகப் பாறைமேல் நின்று, கையால் அள்ளி வாளியில் ஊற்றிக் கை மாற்றிக் கை மாற்றிக் கரையேற்றினார்கள். உறிஞ்சும் இயந்திரம் வந்தது. எண்ணெய் குழம்பாக இறுகிவிட்டதால் திணறி நின்றது. ஆகவே மறுபடியும் வாளி. மரைன் என்ற பெயரில் எத்தனை இலாகாக்கள், எத்தனை கமிட்டிகள், எத்தனை ஒத்திகைகள்! எல்லாம் சேர்ந்து, கப்பல்கள் சந்திரமண்டலத்துக்குப் போகும் காலத்தில், நம் கையில் கொடுத்தது ஒரு வாளி. அந்த இளைஞர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர்களைப் பாராட்டிப் பேசிய ஒவ்வொரு பேச்சும், பொறுப்பாளிகளுக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரமாகவும் ஆயிற்று என்பதை எப்படிச் சொல்லாமல் இருப்பது? ஊரார் வந்து தீயை அணைத்தால் அணைத்தவர்களுக்கு மாலை போடலாம். தண்ணீர் வண்டி ஏன் வரவில்லை என்றும் கேட்கத்தானே வேண்டும்?

அது ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். செத்த ஆமைகள் ஒதுங்கின. பட்டணத்தில் மீன் வாங்க ஆள் இல்லை. எண்ணெய் படாத கடலில் பிடித்த மீனைக்கூடச் சீண்டுவார் இல்லை. கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, துறைமுகத்துக்கு உண்டு. தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கிறவளுக்கு அன்றைக்கு என்ன உண்டு?

சரி, அடிபட்டுப் படித்த பாடமாக இருக்கட்டும் என்று நினைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலியின் எண்ணெய், வெள்ளத்தோடு கால்வாயில் இறங்கி, அதே எண்ணூர்க் கழிமுகத்தில் வந்து படிந்தது. இது துறைமுகத்தின் எண்ணெய் அல்ல. சுத்திகரிப்பு ஆலையின் பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் அதே ஆறு, அதே குப்பங்கள். படகு முழுக்க எண்ணெய், வலை முழுக்க எண்ணெய், கூழைக்கடாக்களின் இறக்கை முழுக்க எண்ணெய். ஆறு வருஷம் கழித்து மீனவர்கள் படகில் ஏறிக்கொண்டு எண்ணெயை அள்ளியது எதனால் என்று நினைக்கிறீர்கள்? வாளியால்.

இந்த இடத்தில்தான் நண்பருடைய சிவப்புப் பென்சில் கோட்டுக்கு வர வேண்டும். 2023-ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு பசுமைத் துறைமுகங்களுக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. ஹரித் சாகர் என்று பெயர். ஒரு டன் சரக்குக்கு வெளியாகும் கரியமில வாயுவை 2030-க்குள் 30 சதவிகிதமும், 2047-க்குள் 70 சதவிகிதமும் குறைக்க வேண்டும். துறைமுக நிலத்தில் 2047-க்குள் மூன்றில் ஒரு பங்கு பசுமை படர வேண்டும். கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது. நான் கிண்டல் செய்யவில்லை. அதில் நல்ல காரியங்கள் பல உண்டு. கரையில் கட்டிய கப்பல் தன் டீசலை எரிக்காமல் கரையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்வது நல்ல காரியம். அதை விரைவில் செய்யட்டும்.

ஆனால் "ஒரு டன்னுக்கு" என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். சென்னைத் துறைமுகம் கணித மேதை ராமானுஜன் 1912-இல் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த துறைமுகம். அந்த இடத்தில் கணக்கு பிசகக் கூடாது. டன்னுக்கு 30 சதவிகிதம் குறைகிறது. அதே சமயம் சரக்கு இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குப் பூஜ்யம் புள்ளி ஏழு. இரண்டு மடங்குக்கு ஒன்று புள்ளி நாலு. மொத்தப் புகை 40 சதவிகிதம் கூடியிருக்கும். அறிக்கையில் 30 சதவிகிதம் குறைந்திருக்கும்! விருது வாங்கப் போகிறவர் அறிக்கையோடு போவார். மூச்சு விடுகிறவன் மொத்தத்தையும் மூச்சுவிட வேண்டும். டன் ஒன்றுக்கு இவ்வளவுதான் இழுப்பேன் என்று நுரையீரலுக்கு உத்தரவு போட முடியாது.

இன்னொன்று. துறைமுகத்தின் விளக்கும், பாரந்தூக்கியும், லாரியும் விடும் புகை துறைமுகத்தின் கணக்கில் வரும். அது இறக்கிக் கொடுத்த நிலக்கரி பக்கத்துக் காம்பவுண்டில் எரிந்து வரும் புகை அந்தக் கணக்கில் வராது. கள்ளுக்கடைக்காரர் தாம் குடிப்பதை நிறுத்திவிட்டதாகச் சொல்லிக் கடை வாசலில் மதுவிலக்குப் பலகை மாட்டுகிற மாதிரி இருக்கிறது. மரங்களும் அப்படித்தான். மூன்றில் ஒரு பங்கு பசுமை என்பது காம்பவுண்டுக்கு உள்ளே. வெளியே அலையாத்தி மரங்கள் தாமாக வளர்ந்து நின்ற இடத்தில் எண்ணெய் படிந்ததே, அது யார் கணக்கு? உள்ளே வைக்கும் வேப்பங்கன்றுக்கு மந்திரி வருகிறார், போட்டோ எடுக்கிறார்கள். நான் மாமியின் கோலம் என்று சொன்னது இதைத்தான்.

"மேல்நாட்டிலும் இப்படித்தான் ஸார்" என்று நண்பர் சொல்லக் கூடும். மேல்நாட்டிலும் இப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்ஜலிஸ் துறைமுகத்துக்கும் அதை ஒட்டிய லாங் பீச் துறைமுகத்துக்கும் பக்கத்தில் வசித்த ஏழை ஜனங்கள் வருஷக்கணக்கில் டீசல் புகையை விழுங்கினார்கள். 2001-இல், ஒரு புதிய கப்பல் முனையத்தை எதிர்த்து அக்கம்பக்கத்தாரும் சில சங்கங்களும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். 2003-இல் துறைமுகம் சமரசத்துக்கு வந்தது. 2006-இல் இரு துறைமுகங்களும் சேர்ந்து காற்றுச் சுத்தத் திட்டம் ஒன்றை வகுத்தன. பழைய லாரிகளை விலக்கினார்கள். கப்பலைக் கரை மின்சாரத்தில் இணைத்தார்கள். டீசல் துகள் 2005-இல் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அங்கே இன்னும் குறைகள் இருக்கின்றன, சொர்க்கம் வந்துவிடவில்லை. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே காற்றை அளக்கும் கருவி துறைமுகத்துக்குள் மட்டும் இல்லை. ஜனங்கள் குடியிருக்கும் இடத்திலும் இருக்கிறது. வருஷா வருஷம் மொத்தப் புகை எவ்வளவு என்று கணக்கு வெளியாகிறது. துறைமுகத்தின் தயாள குணத்தால் இது நடக்கவில்லை. வடபக்கத்து வீட்டுக்காரி குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டு மாமி வீட்டுக் கூடத்திலேயே கொண்டு போய்க் கொட்டியதால் நடந்தது.

இங்கே குப்பை இன்னும் வடக்கே போகப் பார்க்கிறது. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளி. அங்கே உள்ள தனியார் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்க ஒரு திட்டம் போட்டார்கள். மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் அறிவிக்கப்பட்டது, எதிர்ப்பு எழுந்தது, ஒத்திவைக்கப்பட்டது. அதற்கும் வடக்கே பழவேற்காடு ஏரி. அதற்கும் வடக்கே? ஆந்திர தேசம். அங்கே உள்ளவர்களும் மனிதர்கள்தாம். தெலுங்கில் இருமுவார்கள், அவ்வளவே வித்தியாசம்.

இனி, விளக்குக் கேள்வி. என் வீட்டு விளக்கு எரிய வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும். இதை எழுதும்போது என் தலைக்குமேல் சுற்றுகிற ஃபேனில் எண்ணூர் நிலக்கரி இருக்கிறது. மறுக்கவில்லை. துறைமுகத்தை மூடு என்று நான் சொல்லவும் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. என் வழக்கு வேறு. நான் மின்சாரக் கட்டணம் கட்டும்போது யூனிட்டுக்கு இவ்வளவு என்று ரசீது தருகிறார்கள். அந்த ரசீதில் ஒரு பகுதியை யாரோ ஒருத்தி எனக்காக இறாலாகவும் மூச்சாகவும் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் கட்டுகிற தொகை ரசீதில் அச்சாவதில்லை. ஆகவே மின்சாரம் மலிவு என்று நாமும், சரக்குக் கட்டணம் மலிவு என்று வியாபாரியும், லாபம் கூடியது என்று துறைமுகமும் நிம்மதியாக இருக்கிறோம். விலையைச் சரியாகப் போட்டால் என் விளக்குக்குச் சில ரூபாய் கூடலாம். கூடட்டும். கொடுக்கிறேன். ஒரு விளக்கைக் குறைத்துக்கொள்ளவும் தயார். என் வீட்டில் கூடத்து விளக்கு ஆள் இல்லாமலே எரிந்துகொண்டிருப்பதாக மனைவியும் பல நாளாகச் சொல்லி வருகிறாள்.

பணம் கூடினால் என்ன செய்வார்கள் என்று நண்பர் கேட்பார். இன்ஜினீயர் அல்லவா, திட்டம் இல்லாமல் நகரமாட்டார். பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. எண்ணெயை வளைத்துப் பிடிக்கும் மிதவைத் தடுப்புகளைத் துறைமுகக் கிடங்கில் பூட்டி வைக்காமல் குப்பத்துக் கரையிலும் வைக்கட்டும். அதை இழுத்துக் கட்ட மீனவர்களுக்கு முன்னதாகவே பழக்கி, பழக்கிய நாளுக்குச் சம்பளமும் கொடுக்கட்டும். கசிவு நேர்ந்த பிறகு வாளி கொடுத்து, கையுறைகூட இல்லாமல் இறக்கிவிடுவதைத் தொண்டு என்று அழைக்க வேண்டாம். பெரிய கப்பல் வருவதற்காகக் கடலை ஆழப்படுத்துகிறார்களே, அந்த வேலையோடு ஆற்று முகத்துவாரத்தையும் தூர்வாரட்டும். படகு போகட்டும், அலை உள்ளே வரட்டும். சுற்றுச்சூழலைக் கண்காணிக்கும் கமிட்டியில், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைத் துழாவுகிறவர்களில் இரண்டு பேருக்கு இடம் கொடுக்கட்டும். அவர்கள் விரலுக்குத் தெரிந்தது எந்த ஆலோசகருக்கும் தெரியாது, கட்டணமும் குறைவு.

அப்புறம் ஒரு பலகை. இன்று காற்றில் எவ்வளவு தூசி, தண்ணீரில் எவ்வளவு எண்ணெய், மொத்தம் எவ்வளவு நிலக்கரி இறங்கியது, ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பெயர் என்ன, இவ்வளவையும் தமிழில், தினந்தோறும், சாக்கட்டியால் எழுதினால்கூடப் போதும். துறைமுக வாசலில் வைத்தால் கப்பல் காப்டன்கள் படிப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. முதற் பலகையைக் காட்டுக்குப்பத்தில் வைக்கட்டும். இரண்டாவதை, என் நண்பரும் நானும் உட்காருகிற இடத்துக்கு எதிரே, சுண்டல்காரன் பெட்ரோமாக்ஸ் வைக்கிற வெளிச்சத்தில் தெரியும்படி மெரினாவில் வைக்கட்டும்.